அபி பிந்தி அழுத்திய படம்

எங்கள் மகளின் கல்யாணப் படங்களைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. நல்ல படங்களா என்றால் ஓம் என்பேன். கல்யாணப் படங்களா என்றால் இல்லை என்பேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கேட்டவரின் முகத்தைப் பார்க்காமல் வேறு கதைக்குத் தாவிவிடுவேன்.

நான் கிழமை நாட்களில் கோப்பன்ஹேகன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு திரிகிறவன். சனி ஞாயிறில் படம் எடுக்கிறவன். இந்த நாட்டுத் தமிழ்ச் சனத்தின் சாமத்திய வீடு, கல்யாணம், பிறந்தநாள் என்று எந்த அல்பத்தைத் திறந்தாலும் அதில் என் கைவேலை இருக்கும். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அல்பங்களின் உயிர் மேடைப் படம். தாலி கட்டி முடிந்ததும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்பார்கள். வந்த குடும்பங்கள் வரிசையாக ஏறி, கையில் இருப்பதைக் கொடுத்து, இரண்டு பக்கமும் பிரிந்து நின்று, கமராவைப் பார்த்துவிட்டு இறங்கிச் சாப்பிடப் போகும். வந்ததற்கு அதுதான் சாட்சி. பிறகு அல்பம் வந்ததும் முதலில் தங்களைத் தேடுவார்கள், அடுத்ததாக யார் வரவில்லை என்று தேடுவார்கள்.

மேடைக்கு முன்னால் நின்று நான் சொல்வது மூன்றே மூன்று வசனம். "கையைக் கீழ விடுங்கோ. இஞ்ச பாருங்கோ. ஆடாதேங்கோ." இதில் முதலாவதுதான் முக்கியம். எங்கள் சனத்துக்குப் படம் எடுக்கிற நேரம் பார்த்துத்தான் சேலையை இழுக்கவும், பிள்ளையின் தலையைக் கோதவும், பக்கத்தில் நிற்பவரின் கொலரைச் சரிசெய்யவும் தோன்றும். எல்லாக் கைகளும் கீழே இறங்கிய பிறகுதான் அழுத்துவேன். யாராவது கண்ணை மூடியிருந்தால் என்று இரண்டாவதும் எடுப்பேன்.

இனி அபி. அவர் புரொண்பியில் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் இருக்கும் துருக்கிக்காரர். துருக்கியில் அபி என்றால் அண்ணை. அவருடைய ஆட்கள் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு நானும் கூப்பிடத் தொடங்கினேன். அவர் என்னை நாபோ என்பார். டெனிஷில் அயலவர். அவருடைய டெனிஷ் ஒரு காலில் நொண்டும், என்னுடையது மற்றக் காலில் நொண்டும். அதனால் எங்களுக்குள் பேச்சில் ஒரு சிக்கலும் வந்ததில்லை.

மீசை அரும்பாத வயதில் தகப்பனிடம் வந்து சேர்ந்தவர். தகப்பன் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. மகனும் அங்கேயே இரும்பு ஒட்டினார். ஊரில் இருந்த தாய்க்கு ஒரு படம் அனுப்பவேண்டும் என்று பழைய சாமான் சந்தையில் ஒரு கமரா வாங்கி, தகப்பனைக் கிரேனுக்குக் கீழே நிறுத்தி எடுத்தாராம். தகப்பன் நெஞ்சை நிமிர்த்தி, ஊர் முதலாளி கணக்கில் விறைத்துக்கொண்டு நின்றார். படம் முடிந்தது என்று தகப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவியபோது, மகனின் விரல் தவறுதலாக இன்னொரு தடவை அழுத்திவிட்டது. இரண்டையும் அனுப்பினார்கள். தாய் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதைத் திருப்பி அனுப்பினாராம், இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று. அபியின் தொழில் முழுவதும் அந்தத் தவறிய விரலில் இருந்து வந்தது. இதை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டு மறந்திருக்கிறேன்.

கப்பல் தளம் மூடிய பிறகு டாக்சி ஓட்டினார், பிறகு பென்சன். கமரா மட்டும் கழுத்தை விட்டு இறங்கவேயில்லை. எடுத்ததெல்லாம் தெரு. வேலை முடிந்து வாசலால் வெளியே வருபவர்கள், சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு ரயில் நிலையப் படி ஏறும் பெண்கள், மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கிழவர்கள். ஒருமுறை நூலகத்தில் கண்காட்சி வைத்தார்கள். பத்திரிகைக்காரர் வந்தார்கள். இஸ்தான்புல்லில் இருந்துகூட யாரோ வந்து பெட்டி பெட்டியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவருடைய பிள்ளைகளின் வீட்டுச் சுவரில் ஒரு படமும் இல்லை. அதில் அவருக்குக் கவலை இருந்ததா என்று எனக்குத் தெரியாது, காட்டிக்கொள்ளவில்லை.

அவருடைய மேல்கோட்டின் உள்பையில் எப்போதும் ஒரு கட்டுப் படம் இருக்கும். தெருவில் யாரையாவது எடுத்தால், கழுவிப் பிரதி போட்டு, பையில் வைத்துக்கொண்டு அந்த ஆளைத் தேடித் திரிவார். மாதக்கணக்கில் தேடுவார். அதே நிலையத்தில், அதே நேரத்தில் போய் நிற்பார். ஆளைக் கண்டால் படத்தை நீட்டுவார். சிலர் கட்டிப்பிடிப்பார்கள், சிலர் திட்டுவார்கள். ஒரு பெண்மணி பொலிஸைக் கூப்பிட்டிருக்கிறார். "படம் அதில் இருப்பவருடையது, நாபோ. என்னிடம் இருப்பது கடன்போல" என்பார்.

என்னையும் ஒருநாள் அப்படித்தான் பிடித்தார். ஆஸ்பத்திரியின் பின்வாசலில், அழுக்குத் துணி வண்டியில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு நான் வானத்தைப் பார்க்கும் படம். முகம் எனக்கே புதிதாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு படம்பிடிக்கிறவனைக் கேட்காமல் எடுப்பது என்ன பழக்கம்? மனைவிக்குக் காட்டவில்லை. ஆனால் எறியவும் மனம் வரவில்லை, இப்போதும் என் லொக்கருக்குள் கிடக்கிறது. நல்ல படமா கெட்ட படமா என்று அன்றைக்குத் தொடங்கிய குழப்பம் பிறகு பெரிதாக வளர்ந்துவிட்டது.

மகளுக்குக் கல்யாணம் சரிவந்தபோது எனக்கு ஒரு சங்கடம். தாரைவார்க்கும் தகப்பன் கமராவோடு நிற்க முடியாது. வேறு தமிழ்ப் படக்காரர்களைக் கூப்பிடலாம் என்றால், நான் குறை சொல்லாத ஆள் ஒருவரும் மிச்சமில்லை. இவருக்கு வெளிச்சம் தெரியாது, அவர் முகத்தை மாவாக்கிப்போடுவார் என்று இத்தனை வருடமாக வாய் ஓயாமல் சொல்லிவிட்டு, என்ன முகத்தோடு போய்க் கேட்பது? வீடியோவுக்கு மட்டும் ஒருவரைப் பிடித்தேன். அவரும் தாலி கட்டியதும் வேறொரு மண்டபத்துக்கு ஓடவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அபியைக் கேட்டேன். கல்யாணங்களுக்குப் போகாதவர். ஆனால் உடனே சரி என்றார். நிலவறையில் சாமான் வைக்கும் சிறிய அறைதான் அவருடைய இருட்டறை. அங்கே கூட்டிக்கொண்டு போய் ஒரு பழைய படத்தைக் காட்டினார். நாங்கள் அகதியாக வந்துகொண்டிருந்த காலம். யாரோ கொடுத்த பெரிய பெரிய ஜக்கெட்டுக்குள் நாலைந்து தமிழ்ப் பொடியள் பஸ் தரிப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் இருக்கிறேனா என்று தேடினேன், இல்லை. "அன்றிலிருந்து உங்களை வெளியில் வைத்துத்தான் எடுக்கிறேன். உங்களுடைய ஒரு வாசலுக்கு உள்ளேயும் ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டேன். கறுப்பு வெள்ளையா கலரா என்றுகூடக் கேட்கவில்லை. சமைக்க வருகிறவரிடம் உப்புப் போடுவீர்களா என்று யாராவது கேட்பார்களா?

மேடைப் படத்தை மட்டும் விளக்கினேன். குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள், எல்லாரையும் எடுக்கவேண்டும், ஒருவரையும் விடக்கூடாது. "ஒருவரையும் விடமாட்டேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதுதான் பெரிய வேடிக்கை.

இந்த இடத்தில் என் மனைவியின் தமையனை, என் மச்சானைச் சொல்லவேண்டும். அவர் நாட்டின் மறுபக்கம், கடல் பாலம் தாண்டி விபோர்க்கில், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. என் மனைவிக்கு உடன்பிறப்பு அவர் ஒருவர்தான். இங்கு வந்து சில வருடத்தில் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார். அது அவருடைய விருப்பம், நான் அதில் தலையிடவில்லை. என் மனைவிக்கும் முதலில் பெரிய மனத்தாங்கல் இல்லை. ஆனால் மாமனார் இறந்தபோது ஒரே மகனாக இருந்தும் கிரியை செய்ய மறுத்துவிட்டார். செய்தால் தன் விசுவாசத்துக்குத் துரோகம் என்றார். ஐயர் தர்ப்பையோடு காத்திருக்க, அவர் ஒரு மூலையில் கண்ணை மூடி ஜெபித்தபடி நின்றார். எங்கள் எல்லாரையும்விட அதிகமாக அழுததும் அவர்தான். கொள்ளிக்கடமையை மருமகன் நான் செய்தேன். அன்றைக்குப் பிறகு என் மனைவி அவரோடு கதைக்கவில்லை. அவரும் கதைக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து பெரிதாகும் அளவுக்கு அது நீண்டுவிட்டது.

கல்யாணத்துக்கு மகள்தான் மாமாவுக்குச் சொன்னாள். அவர் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாலி கட்டும் வரை என் மனைவி மண்டப வாசலைப் பார்த்தபடியே நின்றாள். கேட்டால், சாப்பாட்டு வான் வந்துவிட்டதா என்று பார்க்கிறேன் என்றாள்.

அவர் வந்தார். சடங்கெல்லாம் முடிந்து, பந்தி தொடங்கி, வாசலில் சந்தனமும் பன்னீரும் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளும் சாப்பிடப் போன பிறகு, மனைவி மக்களோடு வந்து நேராக மேடைக்குப் போனார். மாசி மாதம். மண்டபத்தின் சூட்டுக் குழாய் பழுதாகி எல்லாரும் சேலைக்கு மேல் ஜக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கோட்டும் டையுமாக மேடையேறி, என் மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். நான் மேடைக்குக் கீழே, ஓரத்தில். அபி முன்னால், கமராவை முகத்தோடு வைத்துக்கொண்டு. எல்லாரும் அசையாமல் நிற்கிறார்கள், அபி அழுத்தவில்லை. நான் கையால் சைகை காட்டுகிறேன், அழுத்தும், அழுத்தும் என்று. அவர் அழுத்தவேயில்லை. அவர்கள் கலையத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. நான் முழு நேரமும் அபியையே முறைத்துக்கொண்டு நின்றதால் மேடையில் நடந்தது ஒன்றையும் காணவில்லை.

அவர்கள் ஒரு கரண்டி சோறு சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் விபோர்க்கில் இருந்து போன் வரத் தொடங்கியது. "என்ன செய்யிறாய்?" "ஒண்டுமில்லை, சும்மா இருக்கிறன்." அவ்வளவுதான் கதை. போனை வைத்துவிட்டு என் மனைவி வீட்டைக் கூட்டுவாள், ஏற்கெனவே கூட்டிய வீட்டை.

"அண்ணை வந்து நிண்ட படத்தைப் பெரிசாப் போடோணும்" என்று என்னிடம் சொன்னாள். "ஆர் என்ன கதைச்சாலும், வந்தவர் எண்டதுக்குச் சாட்சி வேணும்."

எத்தனையோ பேர் கையில் போன் வைத்திருந்தார்கள். ஆனால் மேடைக்கு முன்னால் போனை நீட்டி மறைத்தால் நான் எரிந்துவிழுவேன் என்று எங்கள் சனத்துக்குப் பழக்கம். பழக்கதோஷத்தில் என் வீட்டுக் கல்யாணத்திலும் ஒதுங்கியே நின்றார்கள். விசாரித்ததில் ஒரேயொரு படம் கிடைத்தது. அதில் மச்சானின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒருவரின் பின்தலை.

அபி படங்களைக் கொண்டுவரக் கோடை வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தேன். கறுப்பு வெள்ளை. காஞ்சிபுரம், மாலை, மணவறை எல்லாம் சாம்பல் நிறம். பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். சொன்னபடி ஒரு குடும்பத்தையும் விடவில்லை. ஒவ்வொரு குடும்பமும் நின்று, கமராவைப் பார்த்து, சிரித்து, முடிந்தது என்று மூச்சு விட்ட பிறகு எடுத்திருக்கிறார். ஒருவர் பல்லைக் குத்துகிறார். ஒருவர் மனைவியிடம் ஏதோ கடிந்துகொள்கிறார். எங்கள் சங்கத் தலைவர் வயிற்றை வெளியே விட்டு நிற்கிறார். படம் முழுக்கக் கைகள், எல்லாத் திசையிலும். மகள் முள்ளுக்கரண்டியால் கொண்டைக்குள் சொறிகிறாள். அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு மகள் டெனிஷில் ஏதேதோ சொல்லிச் சிரித்துச் சிரித்து, கடைசியில் அழுதாள். தன் வீட்டுச் சுவரில் மாட்டப்போவதாகச் சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது. இத்தனை குடும்பத்துக்கும் இதை எப்படி அனுப்புவது? அனுப்பிப் பார்த்த ஓரிரண்டு பேரில் ஒருவர், செத்தவீட்டுப் படமோ என்று கேட்டுவிட்டார்.

மனைவி கேட்ட அந்தப் படம் பெட்டியின் அடியில் இருந்தது. மச்சானின் மனைவி, அண்ணி, படியில் இறங்குகிறார். மகளும் மருமகனும் அடுத்த குடும்பத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். மச்சான் மட்டும் இன்னும் படம் எடுக்கவில்லை என்ற நினைப்பில் நேரே பார்த்தபடி நிற்கிறார். என் மனைவி அவர் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, பெருவிரலை அவருடைய நெற்றியில் வைத்திருக்கிறாள்.

நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூசுகிறாளா, துடைக்கிறாளா? வாசலில் சந்தனத் தட்டு ஆளில்லாமல் மேசையில் இருந்தது. போகிற போக்கில் அவர் பிள்ளைகளில் ஒன்று விளையாட்டாகத் தகப்பனுக்கு வைத்துவிட்டிருக்கலாம், அண்ணி காணமுதல் இவள் துடைத்திருக்கலாம். அல்லது இவளே தன் விரலில் மிச்சமிருந்த திருநீற்றை மேடையில் வைத்து அவர் நெற்றியில் இழுத்திருக்கலாம். மனதில் அத்தனை வருட ஆத்திரம் இருந்ததே. விரலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று ஒரு படத்திலும் தெரியாது.

பயம் பிடித்துக்கொண்டது. பூசியது என்றால் அண்ணி விடமாட்டார், தன் கணவரை வரவழைத்து மேடையில் அவமானப்படுத்தினார்கள் என்பார். ஞாயிற்றுக்கிழமை போன் அன்றோடு நிற்கும். துடைத்தது என்றால் எங்கள் பக்கத்துச் சனம் விடாது, தமையனுக்காகச் சந்தனத்தை அழித்தவள் என்று இவளுக்குப் பெயர் வைக்கும். படத்தைப் பெட்டியில் இருந்து எடுத்து ஒளித்துவிட்டு, அது சரியாக விழவில்லையாம் என்று சொன்னேன். என் மனைவி கையில் இருந்த மற்றப் படங்களைப் பெட்டிக்குள் அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அபியிடம் போனேன். இருட்டறையில் சிவப்பு பல்புக்குக் கீழே தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் நேரே பார்த்துக்கொண்டுதானே நின்றீர்கள். அவள் என்ன செய்தாள்?"

"தெரியாது."

"எப்படித் தெரியாமல் போகும்?"

கமராவை எடுத்து என் கண்ணில் வைத்து, விரலைப் பிடித்து அழுத்தவைத்தார். உள்ளே கண்ணாடி மேலே எழும்பி ஒரு கணம் எல்லாம் இருண்டது. பழைய கமராக்களில் அப்படித்தான் என்பது எனக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நினைத்ததில்லை.

"எடுக்கும் கணத்தில் எடுப்பவனுக்கு ஒன்றும் தெரியாது" என்றார். "அதற்கு முந்தியும் பிந்தியும் பார்த்தேன். முந்தி அவள் கை கீழே இருந்தது. பிந்தி அவள் அழுதுகொண்டிருந்தாள். நடுவில் நடந்ததை அந்த மண்டபத்தில் காணாத ஒரே ஆள் நான்."

"நானும் காணவில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றேன் கோபமாக. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் எல்லாரும் ஒழுங்காக நின்றபோது அழுத்தவில்லை என்று கேட்டேன். அப்போது அவர்களைக் காணவில்லை, ஒரு வரிசையைத்தான் கண்டேன் என்றார். இது பதிலா, இல்லையா? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் படத்தை ஒருவருக்கும் கொடுக்கவேண்டாம், விபோர்க்குக்கு அனுப்பவே வேண்டாம் என்று கெஞ்சினேன். அனுப்பமாட்டேன் என்றார். இந்தமுறையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த நாள் சலவை அறையில் என் மனைவியைக் கண்டு, கோட்டின் உள்பையில் இருந்து இரண்டு பிரதியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஒன்று உனக்கு, ஒன்று அவருக்கு. படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்களே என்றாராம்.

நான் வேலையால் வந்தபோது படம் சாப்பாட்டு மேசையில் இருந்தது. என் மனைவி எதிரே உட்கார்ந்திருந்தாள். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"இது சரியா விழேல்லையோ?" என்று கேட்டாள்.

"நான் என்னத்தைச் சொல்ல? நீர் என்ன செய்யிறீர் எண்டு எனக்கு விளங்கேல்லை."

"சனிக்கிழமை விபோர்க்குக்குப் போவம். அண்ணையின்ரை படத்தை அண்ணையிட்டைக் குடுக்கோணும்."

"அண்ணி பாத்தா?"

"பாக்கட்டும்."

சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிப் போனோம். படம் அவள் மடியில், ஒரு துவாய்க்குள் சுற்றியபடி.  பூசியதா துடைத்ததா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

மச்சான் வீட்டு முன்னறையில் வேத வசனம் எழுதிய பலகைகள். நடுவில் மாமனாரின் படம். அதை அங்கே நான் எதிர்பார்க்கவில்லை. தேநீரும் வடையும் வந்தது. என் மனைவி துவாயை அவிழ்த்துப் படத்தைத் தமையனின் கையில் கொடுத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணி பின்னால் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, நெத்தியிலை என்ன பூசுறா?" குரலிலேயே எல்லாம் இருந்தது.

நான் கடித்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தேன்.  மச்சான் படத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"பூசேல்லை. வேர்வை. அண்டைக்கு மண்டபத்துக்குள்ளை நல்ல வெக்கை. துடைச்சு விட்டவள்."

அண்ணி என் மனைவியைப் பார்த்தார். "ஓமோ?"

"ஓம் அண்ணி. வேர்வை" என்றாள் என் மனைவி. "அண்ணைக்குச் சின்னனிலையே நெத்திதான் முதல் வேர்க்கிறது."

அண்ணி ஒரு நிமிடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு அவரும் சேலைக்கு மேல் தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு, குளிரில் பல் அடிக்க நின்றவர்தான். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "வடை ஆறப்போகுது, சாப்பிடுங்கோ" என்றுவிட்டு உள்ளே போனார். மச்சான் படத்தைக் கொண்டுபோய் மாமனாரின் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார். அத்தனை வருடத்தில் அண்ணனும் தங்கச்சியும் ஒத்துப்போன முதல் விஷயம் ஒரு முழுப்பொய். நான் வாழ்நாள் முழுக்க மேடையில் சாட்சிப் படம் எடுத்தவன். எனக்கு அந்த முன்னறையில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் நல்ல காற்று. காரை இறுக்கிப் பிடித்து ஓட்டினேன். பாதி தூரத்தில் எனக்கு அடக்க முடியவில்லை.

"இஞ்சரும், உண்மையைச் சொல்லும். பூசினீரோ, துடைச்சீரோ?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியேல்லை" என்றாள். "நெத்தியிலை ஏதும் இருந்ததோ எண்டும் ஞாபகமில்லை. எல்லாரும் படம் முடிஞ்சுது எண்டு இறங்கீட்டினம். அண்ணையும் இறங்கப்போறார். இறங்கினா அப்பிடியே போயிடுவார். அவரை ஒருக்காத் தொடோணும் போலை இருந்தது. கை தானாப் போயிட்டுது."

பாலம் முடிந்து தரை வந்தது. எனக்கு அபியின் மீது கோபமா நன்றியா என்று தெரியவில்லை. அவரிடம் மகளின் படங்களுக்காக நான் இன்னும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை என்பது மட்டும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தால், முதல் படத்தை எடுத்து முடித்து, இரண்டாவதுக்கு ஆயத்தமாக இருந்திருப்பேன். அவளுடைய கை எழும்புவதைக் கண்டிருப்பேன். கண்டதும் வாயில் என்ன வந்திருக்கும் என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

கையைக் கீழ விடுங்கோ என்றிருப்பேன். அவளும் விட்டிருப்பாள்.